தண்ணீர் லாரியை மறித்த மதியம்

முருகேஸ்வரி பிறந்து வளர்ந்தது சின்னக்கானலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். பத்தொன்பது வயதுவரை அவள் மின்விசிறியின் கீழ் படுத்ததில்லை. வாங்க வக்கில்லாமல் இல்லை, அந்த மலையில் அதற்கு வேலையே இல்லை. சித்திரை மாதத்திலும் விடிகாலையில் கம்பளியை விட்டு எழ மனசு வராது. அப்படிப்பட்டவளை வெயில் காயும் சமவெளியில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எலப்புள்ளியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தண்டபாணி, தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிவந்த லாரியில் கிளீனராக வந்துபோனவன். கல்யாணமான முதல் கோடையில் அவளுக்கு மூன்று தடவை மூக்கில் ரத்தம் கொட்டியது. தெருப் பெண்கள் "மலைக்காரிக்கு நம்மூரு வெயிலு சேரல" என்று சிரித்தார்கள்.

அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். பேச்சில் 'ங்க' ஒட்டிக்கொண்டது. கோபமோ பயமோ வந்தால் மட்டும் மலைப்பேச்சு திரும்பிவிடும். தண்டபாணி கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் சுமை ஏற்றும் வேலைக்குப் போனான். அவள் தொழிலுறப்பு வேலைக்குப் போனாள். வருஷத்துக்கு நூறு நாள் வேலை கொடுக்கும் அரசாங்கத் திட்டத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வாய்க்கால் தூர்வாருவது, வரப்புக் கட்டுவது, குழி வெட்டுவது என்று முப்பது பெண்கள் ஒரு கூட்டமாக வேலை செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு மேட், அதாவது மேற்பார்வைக்காரி, முருகேஸ்வரி. அவளும் மம்பட்டி பிடிப்பாள். கூடவே வருகையைப் பதிவதும் அவள் பொறுப்பு. காலையில் எல்லோரையும் நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். நாலு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம். இரண்டும் ஏறினால்தான் அன்றைய கூலி. ஒன்று விட்டுப்போனாலும் முப்பது பேரும் வேலைக்கு வராத கணக்குத்தான்.

வெயில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. அதனாலேயே யாரும் அதைத் தனியாகப் பார்க்கவில்லை. முதலில் மதியச் சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போனது. பிறகு மம்பட்டிக் காம்பைத் துணி சுற்றாமல் பிடிக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு மதியம் தண்டபாணி வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கூட மூட்டை சுமந்த ஒருவன் சுருண்டு விழுந்துவிட்டான். நாலு பேராகத் தூக்கி ஒரு காரில் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே மூச்சு இல்லை.

"அவன் ஒடம்பு அடுப்புக் கல்லு மாதிரி சுட்டுதுங் கண்ணு. கம்பெனிக்குள்ளயே தொட்டி நெறையத் தண்ணி இருந்துச்சு. ஒருத்தனுக்கும் தோணல" என்றான் தண்டபாணி. அதை அவன் பிறகு ஒருநாளும் பேசவில்லை. ஆனால் முருகேஸ்வரிக்கு அந்தத் தொட்டி மனசில் நின்றுவிட்டது.

அதனால்தான், இந்தக் கோடையின் தொடக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ராஜஸ்ரீ என்ற நர்ஸ் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து வெயிலைப் பற்றிப் பேசியபோது மற்றவர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருக்க, இவள் மட்டும் காது கொடுத்தாள். ராஜஸ்ரீ கல்பாத்திக்காரி. அந்த அக்கிரகாரத்துப் பேச்சு இந்தப் பெண்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்கோ" என்றாள் ராஜஸ்ரீ. "வேர்வை நின்னுபோய், ஒடம்பு கொதிச்சு, பேச்சு ஒளற ஆரம்பிச்சுதுன்னா அது சாதாரண மயக்கம் இல்லை. சூர்யாகாதமாக்கும், வெயில் அடிச்சு உசிரையே வாங்கறது. மொதல்ல ஒடம்பைக் குளிரப் பண்ணணும். எவ்வளவு ஜலம் கிடைக்கறதோ அவ்வளவும் விட்டு விசிறணும். அப்பறந்தான் வண்டி. ஸ்மரணை இல்லாதவா வாயில மாத்திரம் ஒரு சொட்டு விடப்படாது."

"குளிர வைக்கறதுக்குள்ள உசுரு போயிருச்சுன்னா?" என்று கேட்டாள் கூட்டத்தில் மூத்தவளான மயிலாத்தாள்.

"வண்டியில வெச்சுண்டு கொதிக்க விட்டாத்தான் போகும், மாமி."

பெண்கள் சிரித்தார்கள். மயிலாத்தாளை மாமி என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

மயிலாத்தாளுக்கு அறுபத்து மூன்று வயது. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். மகன் கனகராஜ் கஞ்சிக்கோட்டில் ஆட்டோ ஓட்டுகிறான். அம்மாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று பலதடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அவள் கேட்கவில்லை. வேலையில் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்று காட்டிக்கொள்வதில் அவளுக்கு ஒரு வீம்பு. வாய்க்காலில் ஆளுக்கு இத்தனை முழம் என்று அளந்து விட்டால், தன் பங்கை முடிக்காமல் கரையேற மாட்டாள். மற்றவர்கள் முடிக்காமல் உட்கார்ந்தால் வாயாலேயே வறுத்தெடுத்துவிடுவாள்.

அந்த ஏப்ரல் கடைசியில் மூன்று நாளாக நாற்பத்தொரு டிகிரி. பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெளிவேலை கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. முருகேஸ்வரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலை ஆறே முக்காலுக்கு முதல் படம், பத்தே முக்காலுக்கு இரண்டாவது படம், பதினொரு மணிக்கு எல்லோரும் வீட்டில். இரண்டு வாரம் அது ஒழுங்காக நடந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. புதிதாக ஒரு கிளை வாய்க்காலில் வேலை. ஊரிலிருந்து தள்ளி, சுற்றிலும் காய்ந்த வயல். வரப்பில் வரிசையாகப் பனைமரங்கள். அரை பர்லாங்கு தூரத்தில் தார்ச்சாலை. அந்த இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முருகேஸ்வரி வரப்பு வரப்பாக நடந்தாள். பெண்கள் வரிசையில் நின்று நின்று அலுத்துப்போனார்கள். முதல் படம் ஏறும்போது மணி எட்டு அடித்து ஐந்து நிமிஷம். அப்படியென்றால் இரண்டாவது படம் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான்.

பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தினாள். இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வீட்டுக்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வர முடியாது. அந்த வெயிலில் நடப்பது வேலை செய்வதைவிட மோசம்.

"போயிரலாமுங்க. ஒரு நாளு போனாப் போவுது" என்றாள் வனிதா. கூட்டத்தில் இளையவள், முருகேஸ்வரிக்கு நெருங்கியவள்.

நாலைந்து பேர் அவளை முறைத்தார்கள். மூன்று மணி நேரம் வாய்க்காலில் வெந்தது சும்மாவா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் முருகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பன்னெண்டு வரைக்கும் இருப்போமுங்க. எல்லாரும் நெழலுக்குப் போயி உக்காருங்க. யாரும் மம்பட்டியத் தொட வேண்டாம்" என்றாள் அவள்.

அந்த வார்த்தையைத்தான் பிறகு பல நாள் அவள் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பனைமர நிழல் எவ்வளவு இருக்கும்? உச்சிப்பொழுதில் ஒரு ஆள் குத்தவைக்கத்தான் காணும். பெண்கள் ஆளுக்கொரு மரமாகப் பிரிந்து, முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்தார்கள். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று அடித்தது. உலைமூடியைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அப்படி ஒரு காற்று. கொண்டுவந்த குடத்தில் தண்ணீர் தீர்ந்து, மூன்று பாட்டில்கள் மட்டும் மிச்சம் இருந்தன. முருகேஸ்வரி போனை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறினால் அது தானாக அணைந்துவிடும். இரண்டாவது படம் போய்விடும்.

பதினொன்றே முக்காலுக்கு அவள் தலைகளை எண்ணினாள். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினாள். மயிலாத்தாளைக் காணவில்லை.

எழுந்து வாய்க்காலை எட்டிப் பார்த்தாள். கரை மறைப்பில், தன் பங்கில் மிச்சமிருந்த இரண்டு முழத்தை மயிலாத்தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். மம்பட்டி ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மண் வரவில்லை. வெறும் கரையைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, என்ன பண்றீங்க? மேல வாங்க."

மயிலாத்தாள் நிமிர்ந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கண் இவளைப் பார்த்தது, ஆனால் இவளைப் பார்க்கவில்லை.

"மாட்டப் புடிச்சுக் கட்டு அம்மிணி. மழ வருது. வைக்கப்போரு நனஞ்சு போயிரும்."

மயிலாத்தாள் வீட்டில் மாடு விற்று ஆறு வருஷம். முருகேஸ்வரி வாய்க்காலில் குதித்தாள். கழுத்தில் கை வைத்தாள். வேர்வை ஒரு பொட்டு இல்லை. தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. கை பட்டதும் மயிலாத்தாளின் முழங்கால் மடங்கியது. அப்படியே இவள் மேல் சாய்ந்தாள்.

"வனிதா, ஓடியா. எல்லாரும் வாங்க."

ஆறு பேர் சேர்ந்து மேலே தூக்கினார்கள். ஒருத்தி மிச்சமிருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்து மயிலாத்தாளின் வாயில் ஊற்றப் போனாள். முருகேஸ்வரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பாட்டில் மண்ணில் உருண்டது.

"வாயில ஊத்தாதீக. மேல ஊத்துங்க. தலையில, கழுத்துல, கக்கத்துல."

இரண்டு பாட்டில் தண்ணீர் எத்தனை நேரம் வரும்? ஊற்றியது உடம்பில் நிற்கக்கூட இல்லை, ஆவியாகப் போனது. பக்கத்து வயலில் ஒரு போர் மோட்டார் கொட்டகை இருந்தது. வனிதா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கொட்டகை பூட்டியிருந்தது, பூட்டை உடைத்தாலும் காலையிலிருந்து அந்த லைனில் கரண்டு இல்லை. வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய முருகேஸ்வரி துணியைப் பிரித்தாள். போன் கறுப்பாக அணைந்து கிடந்தது. வரப்பின் மேட்டில் ஏறி நின்ற ஒருத்தியின் போனில்தான் லைன் கிடைத்தது. சுற்றுவட்டாரத்து வண்டிகள் எல்லாம் ஓட்டத்தில் இருக்கின்றன, நாற்பது நிமிஷமாவது ஆகும் என்றார்கள். அந்தப் பெண் கனகராஜுக்கும் தகவல் சொன்னாள்.

மயிலாத்தாளின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பெண்களில் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். கூட்டத்துக்குப் பொறுப்பு முருகேஸ்வரிதான். 'இருப்போம்' என்று சொன்னவளும் அவள்தான்.

அப்போதுதான் தார்ச்சாலையில் கானல் அலைக்குள்ளிருந்து ஒரு லாரி வருவது தெரிந்தது. நீல டேங்க். பக்கத்துக் காலனிக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் லாரி.

"தூக்குங்க. ரோட்டுக்குத் தூக்குங்க" என்று கத்திவிட்டு முருகேஸ்வரி ஓடினாள். செருப்பு வாய்க்காலிலேயே போயிருந்தது. கட்டி பெயர்ந்த வயலில் வெறுங்காலோடு ஓடி, லாரி தாண்டிப் போவதற்குள் சாலை நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். தார் இளகி உள்ளங்காலில் ஒட்டியது. லாரி ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. நாலு அடி தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது.

டிரைவர் ஷைஜு ஜன்னலில் தலையை நீட்டினான். முப்பது வயது மலையாளிப் பையன். இந்த ரூட்டில் ஓட்டி ஓட்டிக் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தான்.

"சேச்சி, சாகணுமா உங்களுக்கு?"

"ஒரு உசுரு போய்க்கிட்டு இருக்கு தம்பி. பின்னால குழாயத் தெறந்து விடுங்க."

ஷைஜு எட்டிப் பார்த்தான். பெண்கள் மயிலாத்தாளைச் சுமந்துகொண்டு சாலையோரத்துக்கு வந்துவிட்டார்கள். அவன் முகம் மாறியது. ஆனாலும் தயங்கினான்.

"இது குடிக்கான வெள்ளம், சேச்சி. காலனியில் ரெண்டு நாளா வெள்ளம் இல்லை. காலையிலிருந்து குடம் வெச்சு நிக்குது அவங்க. ஞான் என்ன சொல்லும்? வண்டியில் கேற்று, ஞான் ஆஸ்பத்திரியில் விடாம்."

அந்த ஒரு நொடியில் முருகேஸ்வரிக்கும் சபலம் தட்டியது. பெரிய வண்டி, ஏற்றிவிட்டால் பொறுப்பு தன் கையை விட்டுப் போய்விடும். ஆனால் டிரைவர் அறையிலிருந்து வந்த அனல் அவள் முகத்தில் பட்டது. கண்ணாடி ஏற்றிய காரில் போனவனை நினைத்துக்கொண்டாள்.

"அங்க போய்ச் சேர முக்கா மணி நேரம். அதுவரைக்கும் இவுக தாங்க மாட்டாக. காலனிக்கு நான் வந்து பதில் சொல்லுதேன். என் பேரு முருகேஸ்வரி, தொழிலுறப்பு மேட்டு. எல்லாப் பழியும் என் மேல போடுங்க. குழாயத் தெறங்க தம்பி."

ஷைஜு இறங்கினான். பின்னால் போய், கனமான ஹோஸைத் தரையில் இழுத்துப் போட்டு வால்வைத் திருகினான். காலையில் கிணற்றிலிருந்து நிரப்பிய தண்ணீர். மேல் தகரம் கொதித்தாலும் அடித்தண்ணீர் இன்னும் சில்லிப்பு மாறாமல் இருந்தது. முருகேஸ்வரி மயிலாத்தாளின் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றிவிட்டு, சேலையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீரை விட்டாள். டிரைவர் பார்க்கிறானே என்று ஒருத்தி முந்தானையைப் போட்டு மூட வந்தாள். மூட வேண்டாம், அதை வைத்து விசிறு என்றாள் முருகேஸ்வரி. நாலு பேர் முந்தானையால் விசிறினார்கள். வனிதா இரண்டு பனையோலையை இழுத்து வந்தாள். இத்தனை நேரம் சுட்டெடுத்த காற்றே இப்போது ஈர உடம்பில் பட்டு உதவியது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கனகராஜின் ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவன் இறங்கி ஓடிவந்தான். நடுச்சாலையில் தன் தாய் அலங்கோலமாகக் கிடப்பதையும், ஒருத்தி ஹோஸ் பிடித்து நிற்பதையும் பார்த்தான்.

"என்ன பண்ணிட்டு இருக்கிறீங்க எல்லாரும்? தூக்குங்க, ஆட்டோவுல போடுங்க."

"பத்து நிமிஷம் பொறுங்க தம்பி. சூடு எறங்கட்டும்" என்றாள் முருகேஸ்வரி.

"எங்கம்மா செத்துட்டு இருக்குது. நீ நடுரோட்டுல தண்ணி வாத்துட்டு இருக்கற. தள்ளு."

"இப்பத் தூக்கினா வழியிலயே போயிருவாக. நர்ஸம்மா சொல்லிக்குடுத்திருக்காக. பத்தே நிமிஷம்."

கனகராஜ் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் சாலையில் சறுக்கி விழுந்தாள். முழங்கை தேய்ந்தது. ஹோஸ் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. உட்கார்ந்தபடியே தண்ணீரைத் திருப்பி மயிலாத்தாளின் கழுத்துக்குப் பிடித்தாள். கனகராஜ் குனிந்து தாயைத் தூக்கப் போனான். வனிதா குறுக்கே வந்து நின்றாள்; பனையோலை அவள் கையிலேயே இருந்தது.

"தொடாதீங்ணா. அக்கா சொன்னாச் சொன்னதுதான்."

"அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் சும்மா உட மாட்டன்."

"உடாதீங்க. இப்பத் தள்ளி நில்லுங்க."

கனகராஜ் அங்கேயே நின்றான். வாய் கோணிக்கொண்டு வந்தது. ஷைஜு அவன் தோளில் கை போட்டு, ஆட்டோவின் பக்கத் திரைகளைச் சுருட்டிக் கட்டச் சொல்லி அழைத்துப்போனான்.

முருகேஸ்வரி உள்ளுக்குள் ஒடுங்கிப்போயிருந்தாள். நர்ஸ் சொன்னது தப்பாக இருந்தால்? தான் கேட்டது அரைகுறையாக இருந்தால்? ஒரு கையால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு மறுகையை மயிலாத்தாளின் கக்கத்தில் வைத்தாள். சுட்டது. மறுபடி வைத்தாள். சுட்டது. சாலையோரப் பள்ளம் நிரம்பித் தண்ணீர் வயலுக்கு ஓடியது. இத்தனை குடம் தண்ணீர் மண்ணில் போகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மறுபடி வைத்தாள். அதே கைதான், ஆனால் இந்தத் தடவை சூடு அடங்கியதுபோல் தோன்றியது. ஆசைக்குத் தோன்றுகிறதா, நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வனிதாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வனிதா தலையாட்டினாள்.

கையின் இழுப்பு நின்றது. மயிலாத்தாள் உடம்பு லேசாக நடுங்கியது. கண் பாதி திறந்தது.

"பெரியம்மா, என் பேரென்ன சொல்லுங்க."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோது, "மலக்காரி" என்றாள் மயிலாத்தாள்.

முருகேஸ்வரி ஹோஸைக் கீழே போட்டாள். "இப்பத் தூக்குங்க."

ஈரச்சேலையோடு ஆட்டோவில் கிடத்தினார்கள். முருகேஸ்வரியும் வனிதாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விசிறிக்கொண்டே போனார்கள். வழி முழுக்கக் கனகராஜ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சூடு பார்த்தார். இன்னும் முப்பத்தொன்பது டிகிரிக்கு மேல், கடுங்காய்ச்சல் அளவு இருந்தது. விழுந்தபோது எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டார். தெரியாது, தொட முடியவில்லை என்றாள் முருகேஸ்வரி. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றினோம் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டு, "அது நன்னாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வராந்தாவில் வெயிலில் விழுந்தவர்கள் இன்னும் நாலு பேர் கிடந்தார்கள்.

மயிலாத்தாள் பிழைத்தாள். ஆனால் முழுசாகப் பிழைத்தாள் என்று சொல்ல முடியாது. சிறுநீரகம் அடிபட்டு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தது.

முருகேஸ்வரி மறுநாள் காலையில் செய்த முதல் காரியம், கொடுத்த வாக்குப்படி காலனிக்குப் போனதுதான். ஷைஜு மிச்சத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றியிருந்தான். கடைசிப் பதினைந்து வீட்டுக்குக் கிடைக்கவில்லை. காலிக் குடங்கள் சாலையோரத்தில் வரிசையாக இருந்தன. அவள் தன் பெயரைச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி மட்டும் சொன்னாள்:

"நீங்க பண்ணுனது தப்புன்னு சொல்லலீங்க. எங்கூட்டுலயும் நேத்து நாலு உசுரு தண்ணியில்லாமத்தானுங்க கெடந்துச்சு. அதையும் தெரிஞ்சுக்கங்க."

முருகேஸ்வரி வரிசையில் இருந்த குடங்களை எண்ணிக்கொண்டாள். பிறகு தன் தெருக் குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில் தண்டபாணியின் சைக்கிளில் இரண்டிரண்டு குடமாகக் கட்டி, ஆறு நடை கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினைந்து வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் வாங்கிக்கொண்டார்கள். ஷைஜுவுக்கு லாரி முதலாளி ஒரு வாரம் வண்டி தரவில்லை. வனிதாவும் கனகராஜும் போய்ப் பேசியபிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார். தன்னைத் தள்ளிவிட்டதைப் பற்றிக் கனகராஜ் முருகேஸ்வரியிடம் ஒருபோதும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த நாளின் இரண்டாவது படம் ஏறவில்லை. முப்பது பேருக்கும் கூலி போயிற்று. முருகேஸ்வரி மேட் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கூட்டத்தில் சொன்னாள். "நான் இருங்கன்னு சொன்னதாலதான ஆச்சு."

"நீ சொன்னது நெழல்ல உக்காரச் சொல்லித்தான். எந்திரிச்சுப் போனது அந்தக் கெழவி" என்றாள் ஒருத்தி.

"இல்லீங்க. பதினோரு மணிக்கே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். அது என் தப்புத்தான்."

அவர்கள் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். காலை ஏழு மணிக்குள் முதல் படம் ஏறாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மனஸ்தாபம் இல்லாமல் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பத்துப் பேர் முகம் சுளித்தார்கள், இன்றும் சுளிக்கிறார்கள்.

மே மாதத்தில் நாலு நாள் சின்னக்கானலுக்குப் போய்வரலாம் என்று கிளம்பினாள். வெயில் இறங்கும்வரை பிள்ளைகளை அங்கே விட்டுவைக்கலாம் என்று ஒரு எண்ணம். தம்பி பாண்டீஸ்வரன் அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது சுவரில் புதிதாக மாட்டியிருந்த மின்விசிறி.

"என்னடா இது?"

"போன மாசம் வாங்குனதுக்கா. மத்தியானம் உள்ள இருக்க முடியல. லயத்துல எல்லா வீட்லயும் வந்திருச்சு."

வெளியே வந்து பார்த்தாள். மேட்டுச்சரிவில் தேயிலைச் செடிகள் பட்டை பட்டையாகக் கருகி, துருப்பிடித்த நிறத்தில் நின்றன. கொழுந்து எடுக்க ஆளுக்கு வேலை இல்லை என்றான் தம்பி. அவள் அங்கே ஒரு பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சிறுவயதில் இந்தப் பாறையில் உட்கார்ந்தால் பாவாடைக்குள் குளிர் ஏறும். இப்போது பொறுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. தப்பித்து ஓடி வருவதற்கு ஒரு இடம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் தன்னை அறியாமலே நம்பிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் நாளே மலை இறங்கிவிட்டாள்.

மயிலாத்தாள் இப்போது வேலைக்கு வருவதில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. கனகராஜும் அவன் பெண்டாட்டியும் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதனால் முருகேஸ்வரி வேலை முடிந்து குளித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஒருதடவை அங்கே எட்டிப் பார்ப்பாள்.

"நடுரோட்டுல என்னைய அவுத்துப் போட்டுக் குளிப்பாட்டுனயாமா? நான் செத்தாலும் தேவலைன்னு இருந்திருக்கும்" என்று மயிலாத்தாள் ஒருநாள் கேட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அடுத்த தடவ மறைப்புக் கட்டிட்டு ஊத்தறேனுங்க."

"வாயப் பாரு. சரி, அந்தக் கடேசி ஊட்டு வேலாயுதனப் போயிப் பாத்தயா? கை கால் வராம ஒத்தையாக் கெடக்கறான். அந்த ஊடும் சீட்டுக் கூரைதான்."

முருகேஸ்வரி போய்ப் பார்த்தாள். அப்படித் தொடங்கியதுதான். தகரக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் பகலில் தனியாகக் கிடக்கும் கிழடுகளும் நோயாளிகளுமாக இப்போது பதினொரு பேர். ராஜஸ்ரீ அவர்களுடைய மருந்து விவரங்களை எழுதிக் கொடுத்திருக்கிறாள். முருகேஸ்வரி ஒரு பக்கமும் வனிதா ஒரு பக்கமுமாகப் போய்வருகிறார்கள். எதிரே யாராவது "இந்த வேகாத வெயில்ல எங்க போற?" என்று கேட்டால், "வெயில் இருக்கறதாலதானுங்க" என்பாள் முருகேஸ்வரி.

போன வாரம் ஒருநாள் வேலாயுதன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பலமாகத் தட்டினாள். தெருவில் ஈ காக்கை இல்லை. கதவுத் தகரம் விரலைச் சுட்டது. தலைக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது, இரண்டாவது வீட்டுத் தொட்டியில் எவ்வளவு கிடக்கும், யாரைக் கூப்பிடலாம் என்று மனசு முன்னால் ஓடத் தொடங்கியது. தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள்.

உள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. "கண்ணசந்துட்டனுங்க அம்மிணி."

அவள் உள்ளே போய், அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சொம்பை எடுத்து அவர் வாயருகே பிடித்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மணி பன்னிரண்டே முக்கால். இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.